உன் முடியின் அகலத்துக்கு இரண்டா, இருபதா?

என் மேசைக்காரி காவேரிக்கு,

ஏழு வருஷம் தாமதமாக எழுதுகிறேன். நீ எங்களை விட்டுப் போன அந்த வாரமே எழுதியிருக்க வேண்டிய கடிதம். அப்போது எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே மை கரைந்தது. பிறகு பரீட்சை வந்தது, கல்யாணம் வந்தது, வள்ளி வந்தாள். இப்போது அவள் தூளியில் தூங்குகிறாள். பிற்பகல் மூன்று மணி. அவள் விழிப்பதற்குள் முடிக்க வேண்டும், அதனால் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் விலாசம் என்னிடம் இல்லை. அதனால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். படிப்பவர்கள் படிக்கட்டும். அத்தனை பேர் கைக்குப் போகிற ஒன்று உன்னை மட்டும் சேராமலா போகும்?

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் ஜெயித்துவிட்டோம், காவேரி. நீயும் நானும் சேர்ந்து, ஒரே மேசையில்.

உனக்கு எத்தனை விஷயம் தெரியாது! போர் முடிந்துவிட்டது. மாரண்டஹள்ளியிலிருந்து மொரப்பூர் வரைக்கும் நம்மைக் குலுக்கிக் கொண்டுபோகுமே அந்தச் சின்ன ரயில், அது இப்போது இல்லை. தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். உன் அண்ணனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அந்த அண்ணனைத்தான் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதாவது உனக்குத் தெரியுமா? துக்கம் கேட்க வந்த வூட்டுக்கே இரண்டு வருஷம் கழித்து மருமகளாக வந்தேன். உன் அறையில்தான் இருக்கிறேன். நீ ஆணியடித்துக் கண்ணாடி மாட்டிய இடத்தில் இப்போது வள்ளியின் தூளிக் கயிறு.

குழந்தைக்கு உன் பெயரை வைக்கவில்லை. கோபப்படாதே. உன் பெயரைச் சொல்லி அதட்ட உன் அம்மாவுக்கு வாய் வராது. அதட்டாமல் ஒரு பிள்ளையை வளர்க்க முடியுமா?

நான் இன்னும் அதே பயந்தாங்கொள்ளிதான். வள்ளி ஒரு தும்மல் போட்டால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், மறுபடி தொடுவேன். "நீ தொட்டுத் தொட்டே கொழந்தைக்குக் காச்சல் வர வெச்சிருவே போல" என்பார் உன் அண்ணன். தண்ணீரைக் கொதிக்க வைப்பேன், கிண்ணத்தைக் கொதிக்க வைப்பேன், பால் புகட்டும் பாலாடையைக் கொதிக்க வைப்பேன். இந்தக் கொதிக்க வைக்கிற பைத்தியத்தை மறந்துவிடாதே. கதையில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

கல்லூரிப் பௌதிகச் சோதனைச்சாலையில் நாம் இரண்டு பேரும் ஒரு மேசை. ஞாபகம் இருக்கிறதா, உன் தலைமுடியை அளந்த நாள்? உன் ஜடையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி, திருகு அளவியில் பத்து இடத்தில் வைத்து அளந்து, சராசரி எடுத்து, நான் அழகாக எழுதினேன்: 7.1 × 10⁻² சென்டிமீட்டர். நீ எட்டிப் பார்த்தாய். ஏழையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. நேராக அந்தச் சின்ன மைனஸ் இரண்டைப் பார்த்தாய்.

"ஏண்டி, என் தலைல வளர்றது முடியா, கோணி தைக்கிற சணலா?"

பக்கத்து மேசைப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. மில்லிமீட்டரில் அளந்ததைச் சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தேன், அவ்வளவுதான். 7.1 × 10⁻³ என்று இருந்திருக்க வேண்டும். நீ என் பேனாவைப் பிடுங்கி நோட்டின் ஓரத்திலேயே "முடியா, சணலா?" என்று எழுதிவைத்தாய். ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, என் தவறைச் சிவப்பு மையால் அடித்து, திருத்தி, கையெழுத்தும் போட்டார். அளந்த முடியைக் கோந்து தடவி அந்தப் பக்கத்திலேயே ஒட்டினோம்.

அன்றைக்கு விடுதிக்குத் திரும்பும்போது நீ சொன்னது: "நீ எண்ணைக் கெட்டியா புடிச்சுக்கற, அடுக்கை உட்டுடற. மொதல்ல அடுக்கைப் பாருடி. அது சரியா இருந்தா எண்ணு கொஞ்சம் முன்னபின்ன போனாலும் பொழச்சுக்கலாம்."

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மிகச் சிறிய தூரங்களைப் புள்ளியும் பூஜ்யமுமாக எழுதினால் கண் ஏமாறும். 0.0034 என்றும் 0.00034 என்றும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள்; ஒரு பூஜ்யம்தானே என்று தோன்றும். பத்து மடங்கு! அதனால் முன்னால் ஒரு எண், பின்னால் பத்தின் அடுக்கு என்று எழுதுவது. 3.4 × 10⁻³, 3.4 × 10⁻⁴. அந்த மேல் எழுத்தைப் பார்த்தால் போதும், யார் பெரியவன், யார் சிறியவன் என்று தெரிந்துவிடும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீ ஒரு ஏணி வரைந்தாய். படிக்குப் படி பத்து மடங்கு சிறிது. முதல் படியில் ஒரு கேழ்வரகு. அடுத்ததில் நோட்டுத் தாளின் தடிமன். மூன்றாவதில் உன் முடி, அதே படியில் சற்று ஒல்லியாகப் பட்டுப்புழு விடும் ஒற்றை இழை. நான்காவதில் ரத்தத்தின் சிவப்பணு. ஐந்தாவதில் வெளிச்சத்தின் அலை. "புதுசா ஒரு அளவு வந்தா, எந்தப் படில நிக்குது, பக்கத்துல யாரு நிக்கறாங்கன்னு பாரு. பொருந்தலைன்னா சண்டை போடு." நான் என்றைக்குச் சண்டை போட்டேன்? என் சண்டையையும் சேர்த்து நீதானே போடுவாய்.

மறு வருஷம் அந்த ஜுரம் வந்தது. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. நோட்டு என்னிடம் தங்கிவிட்டது. கல்யாணமாகி இங்கே வந்தபோது டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். உன் அம்மாவிடம் காட்டவில்லை. உன் முடி ஒட்டியிருக்கும் பக்கத்தை உன் அம்மாவிடம் எப்படிக் காட்டுவேன்?

இனி இந்த வூட்டுச் சேதி. நீ இருந்தபோது நான்கு தட்டில் பட்டுப்புழு வளர்த்தார்களே, இப்போது அது விதைக்கூடம். போர்க்காலத்தில் பாராசூட்டுக்குப் பட்டு வேண்டும் என்று கேட்டார்கள். உன் அண்ணன் லைசென்ஸ் வாங்கிவிட்டார். நல்ல கூடுகளை வைத்திருந்து, அந்துப்பூச்சி வெளியே வந்ததும் ஜோடி சேர்த்து, ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தாளில் முட்டையிட வைக்கிறோம். அந்த முட்டைத் தாள்தான் விதை. பாலக்கோட்டுப் பக்கமும், என் பிறந்த ஊர் பாப்பாரப்பட்டிப் பக்கமும் புழு வளர்க்கிறவர்கள் எங்கள் தாளுக்காகக் காத்திருப்பார்கள்.

இதில் ஒரு பொல்லாத நோய் உண்டு. பெப்ரின் என்கிறார்கள். புழுவின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோலப் புள்ளி விழும், தீனி எடுக்காது, சுருங்கிச் செத்துவிடும். தாய்ப்பூச்சிக்கு இருந்தால் முட்டைக்கும் போகும், முட்டை போகிற ஊருக்கெல்லாம் போகும். அதனால் முட்டையிட்ட தாயைக் கல்வத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு நசுக்கி, ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நோயின் வித்து இருந்தால் நீள்வட்டமாக, பளபளப்பாகத் தெரியும். தெரிந்தால் தாளை எரிக்க வேண்டியதுதான்.

நான் சொல்லப்போகும் சேதிக்கு முந்தைய வருஷம் அப்படித்தான் எரித்தோம். அது உண்மையான நோய். எரிந்த தாளின் நாற்றம் இரண்டு நாள் வூட்டைவிட்டுப் போகவில்லை. இன்னொரு தடவை வந்தால் லைசென்ஸ் ரத்து என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள்.

போன ஐப்பசியில், மூன்று நாள் மூட்டத்துக்கு நடுவே ஒரு காலையில், பட்டு இன்ஸ்பெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். கையில் குடை, மரப்பெட்டியில் நுண்ணோக்கி. நடுக்கூடத்தில் முந்நூறு தாயின் முட்டைத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. உன் அண்ணன் எங்கள் பீங்கான் கல்வத்தை எடுத்துவந்து ஒவ்வொரு தாயாக நசுக்கிக் கொடுத்தார், இன்ஸ்பெக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தார். நான் வள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

முதல் தாயில் தலையை ஆட்டினார். இரண்டாவதில் பெருமூச்சு விட்டார். பத்தாவது தாயைப் பார்த்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மனசைத் தேத்திக்குங்க. எல்லாத்துலயும் இருக்குது."

"எல்லாத்துலயுமாங்க?" என்றார் உன் அண்ணன். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"ஒண்ணு ரெண்டுன்னா அந்தத் தாளை மட்டும் எடுத்துடலாம். பத்துக்குப் பத்துன்னா மொத்தமும் போகணும். இப்பவே, நான் இருக்கும்போதே எரிச்சுடுங்க. நான் போயி ரிப்போர்ட் குடுக்கணும்."

உன் அம்மா கொல்லைக்குப் போய்த் தீப்பெட்டியும் கொஞ்சம் காய்ந்த துவரைமாரும் கொண்டுவந்து வைத்தார். "ஒருக்கா எரிச்ச கைதானே, இன்னொருக்கா எரிக்கட்டும்" என்றார். அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

இன்ஸ்பெக்டர் எழுதித் தந்த படிவத்தை, கையெழுத்துப் போடுவதற்குமுன் உன் அண்ணன் என்னிடம் நீட்டினார், ஆங்கிலத்தில் இருந்ததால் படித்துச் சொல்லச் சொல்லி. படித்தேன். நீள்வட்ட உருவங்கள். பளபளப்பு. நீளம் 0.0034 சென்டிமீட்டர். முடிவு: பெப்ரின் நோய் உண்டு.

பூஜ்யங்களை எண்ணினேன், காவேரி. விரல் தானாக ஓடியது. வள்ளியின் முதுகிலேயே விரலால் எழுதிப் பார்த்தேன்: 3.4 × 10⁻³. சுவரில் லைசென்ஸோடு வந்த அச்சுத்தாள் தொங்கியது. அதில் பெப்ரின் வித்தின் நீளம் மூன்றிலிருந்து நான்கு மைக்ரான் என்று போட்டிருந்தது. மைக்ரான் என்றால் சென்டிமீட்டரில் பத்தின் மைனஸ் நான்கு. நோய் நாலாம் படியில், சிவப்பணுவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது. இது மூன்றாம் படியில், உன் முடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதுவும் முடியில் பாதி அகலத்துக்கு!

சொல்லலாமா? நான் சொல்லித் தவறாகப் போனால்? என் பேச்சைக் கேட்டு அந்தத் தாள்கள் ஊர் ஊராகப் போய், உண்மையிலேயே நோயாக இருந்தால்? பாப்பாரப்பட்டியில் என் அப்பா தெருவிலேயே புழு சாகும். நீ இருந்திருந்தால் இந்நேரம் படிவத்தைப் பிடுங்கியிருப்பாய். நான் நின்றுகொண்டே இருந்தேன். உன் அம்மா தீப்பெட்டியைத் திறந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷங்க. இந்த அளவு பெப்ரினுக்குப் பொருந்தலைங்க. பத்து மடங்கு பெரிசா இருக்குது."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "என்னம்மா?"

"புள்ளிக்கப்புறம் ரெண்டு பூஜ்யம் போட்டிருக்கீங்க. பெப்ரின்னா மூணு பூஜ்யம் வரணும்ங்க."

அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். என்ன செய்தார் தெரியுமா? பேனாவைத் திறந்து, புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு பூஜ்யத்தைச் செருகினார். "சரிதாம்மா. கைத்தப்பு. ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சு. படிச்ச பொண்ணு, நல்லாப் புடிச்சீங்க" என்று படிவத்தை உன் அண்ணனிடமே திருப்பி நீட்டினார்.

என் வெற்றி அரை நிமிஷத்தில் அவர் கைக்குப் போய்விட்டது. எண் இப்போது அச்சுத்தாளோடு பொருந்திவிட்டது. பொருந்தும்படி திருத்தப்பட்ட எண்ணோடு எப்படிச் சண்டை போடுவது? நீ ஏணியில் அதை எழுதிவைக்கவில்லையே.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பயம் வருகிற அதே இடத்திலிருந்துதான் வந்தது, ஆனால் கோபம்.

"கைத்தப்பா கண்தப்பான்னு பாத்துடலாங்க. நீங்க எந்த லென்சுல பாத்தீங்க?"

"சின்ன லென்சுலதான். மூட்டமா இருக்கே, பெரிய லென்சுல இருட்டாத் தெரியுது."

"அப்பக் கண்ணாடித் துண்டுல அந்தத் துளிக்குப் பக்கத்துலயே ஒரு தலைமுடியை வெச்சுப் பாருங்க. பெப்ரின்னா முடியோட அகலத்துக்கு இருவது வித்து வரிசையா நிக்கணும். நீங்க மொதல்ல எழுதினது சரின்னா ரெண்டுதான் நிக்கும். அளவுகோலே வேண்டாங்க. ரெண்டா, இருவதா, அவ்வளவுதான்."

அவர் சிரித்தார், ஆனால் கிண்டலாக இல்லை. "யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா முடின்னா எந்த முடிம்மா? உங்க பாப்பா முடி ஒரு தடிமன், எம் முடி ஒரு தடிமன். அளந்து பார்த்த முடி யாருகிட்ட இருக்கு?"

அளந்து பார்த்த முடி!

வள்ளியை உன் அண்ணன் கையில் திணித்துவிட்டு உன் அறைக்கு ஓடினேன். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். கல்யாணப் புடவை ஒரு பக்கம், துணிகள் ஒரு பக்கம். நோட்டோடு திரும்பி வந்து அவர் முன்னால் பிரித்துவைத்தேன். சிவப்பு மை. ஆசிரியையின் கையெழுத்து. 7.1 × 10⁻³. ஓரத்தில் உன் கிறுக்கல். அவர் "முடியா, சணலா?" என்று சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"இது யாரோட முடிம்மா?"

உன் அம்மா தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். உன் கையெழுத்தை அவர் படிக்கத் தெரியாமலே அடையாளம் கண்டுகொண்டார். கோந்தில் ஒட்டியிருந்த அந்தக் கறுப்பு இழையை விரல் படாமல் குனிந்து பார்த்தார்.

"எங் காவேரி முடியா?"

"ஆமாங்கத்தை."

"இத்தினி நாளா எங்கிட்டச் சொல்லலையே, கண்ணு."

"பயமா இருந்துதுங்கத்தை."

உன் அம்மா சொன்னார்: "வெட்டு. பாதியை வெட்டு, பாதி இருக்கட்டும். அவ வூட்டுக்கு அவ முடி ஒதவாம வேற எவ முடி ஒதவும்?"

நகம் வெட்டும் கத்தரியால் நானே வெட்டினேன். வெட்டியது என்னவோ கேழ்வரகு நீளம்தான். இன்ஸ்பெக்டர் அதை இடுக்கியால் எடுத்து, துளியில் படுக்கவைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூடினார். பார்த்தார். திருகைத் திருப்பினார். மறுபடி பார்த்தார். எழுந்து எனக்கு இடம் விட்டார்.

நீ அதைப் பார்த்திருக்க வேண்டும், காவேரி. உன் முடி புளியமரத்து அடிமரம்போலக் குறுக்கே கிடந்தது. அதன் பக்கத்தில் அந்த நீள்வட்டங்கள். இரண்டைச் சேர்த்து வைத்தால் உன் முடியின் அகலம். இருபதுக்கு இடமே இல்லை.

நான் எழுந்து உன் அம்மாவை உட்காரவைத்தேன். அவருக்கு ஒரு கண்ணை மூடத் தெரியவில்லை; நான் கையால் பொத்தினேன். "ஆத்தாடி, என்னா தண்டி!" என்றார். பிறகு பொறுமையாக எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு. ரெண்டேதான் சாரதா. மூணாவதுக்கு எடமில்லை." பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "ஏஞ்சாமி, எனக்கு எழுத்துத் தெரியாது, எண்ணத் தெரியும். ரெண்டுதாங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் தான் செருகிய பூஜ்யத்தைத் தானே அடித்தார். அந்த மனுஷருக்கு அதற்காக ஒரு கும்பிடு. ஆனால் எழுந்து போய்விடவில்லை.

"பெப்ரின் இல்லை, ஒத்துக்கறேன். பெப்ரின் இந்தச் சின்ன லென்சுல இவ்வளவு தெளிவாத் தெரியவும் தெரியாது, நான் யோசிச்சிருக்கணும். அப்ப இது என்னம்மா? பத்துத் தாயிலயும் இருக்கே. என்னன்னு தெரியாம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

நியாயமான கேள்வி. மறுபடியும் பார்த்தேன். நீள்வட்டத்துக்குள் சிப்பியில் இருப்பதுபோல மெல்லிய வளையங்கள். எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. தாவர சாஸ்திர வகுப்பிலா? அதற்குள் வள்ளி பசித்து வீறிட்டாள். உன் அண்ணன் அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "கஞ்சி காச்சினியா இல்லியா? காலைல அந்தக் கல்வத்துல என்னமோ இடிச்சிக்கிட்டு இருந்தியே" என்றார்.

என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைக்கிறாய்?

கூவைக்கிழங்கு மாவு! வள்ளிக்குக் கஞ்சி காய்ச்ச. மாவு கட்டி தட்டியிருந்தது. அம்மியில் நுணுக்கினால் மிளகாய்க் காரம் ஒட்டும். உரலில் இடித்தால் தூசி. வூட்டிலேயே சுத்தமான பாத்திரம் எது? தினமும் கொதிநீரில் போட்டு எடுக்கிற பீங்கான் கல்வம். பூச்சி நசுக்காத நாள்தானே என்று அதிலேயே மாவை நுணுக்கினேன், பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு அலசிக் கவிழ்த்தேன். இன்ஸ்பெக்டர் வருவார் என்று எனக்கென்ன தெரியும்? இத்தனை நாள் எல்லாவற்றையும் கொதிக்க வைத்தவள் அந்த ஒரு தடவை கொதிக்க வைக்கவில்லை.

சொல்லித்தானே ஆக வேண்டும். சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

மாவு டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு சிட்டிகை தண்ணீரில் கலந்து கண்ணாடியில் வைத்தார். அதே நீள்வட்டம், அதே பளபளப்பு, அதே வளையம். வள்ளி முழங்காலில் சிராய்த்துக்கொண்டால் போட வைத்திருந்த அயோடின் புட்டியை எடுத்துக்கொடுத்தேன். மாவென்றால் அயோடின் நீலம் காட்டும். இரண்டு கண்ணாடியிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். மாவும் நீலமாக மாறியது, பூச்சித் துளியில் இருந்ததும் நீலமாக மாறியது.

இன்ஸ்பெக்டர் வள்ளியைப் பார்த்தார். "ஏம்மா குட்டி, உன் சோத்தையா நான் எரிக்கச் சொன்னேன்?"

உன் அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உன் அம்மா என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். "நோயைக் கொண்டாந்து உட்டவளும் நீயே, ஓட்டினவளும் நீயே. கெட்டிக்காரிதான் போ." அந்தக் குட்டை நான் ஒரு பட்டம்போல வைத்திருக்கிறேன். கல்லூரியில் வாங்கியது எங்கேயோ பெட்டியில் கிடக்கிறது.

அதோடு முடியவில்லை. கல்வத்தைச் சோடா உப்புப் போட்டு மூன்று தடவை கொதிக்க வைத்தோம். அலசிய தண்ணீரையே முதலில் ஒரு துளி எடுத்துப் பார்த்தார், சுத்தம். மதியம் மூட்டம் விலகி வெயில் அடித்தது. மேசையை வாசலுக்குத் தூக்கிவந்து போட்டோம். வெளிச்சம் இருந்ததால் இந்தத் தடவை பெரிய லென்சு. நாற்பது தாய் பார்த்தார், ஒவ்வொன்றையும் அவருக்குப் பின் நானும் பார்த்தேன். தெருவே கூடிவிட்டது. ஒவ்வொரு தடவை அவர் தலையை நிமிர்த்தும்போதும் உன் அம்மா, "என்னாங்க?" என்பார், அவர் "இல்லைங்க" என்பார். நாற்பது தடவை "இல்லைங்க". கல்யாண மேளத்தில்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

படிவத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினார். அளவு போட வேண்டிய கட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டு, பூஜ்யம் எதுவும் இல்லாமல் பத்தின் அடுக்காகவே எழுதினார்: "4 × 10⁻⁴ அளவில் எதுவும் காணப்படவில்லை." பெட்டியைப் பூட்டும்போது, "உங்க தோழிகிட்டச் சொல்லுங்கம்மா, சணல் இல்லை, முடிதான்னு" என்றார். அவருக்கு நீ இல்லை என்பது தெரியாது. யாரும் திருத்தவில்லை. சொல்லச் சொன்னார், இதோ சொல்லிவிட்டேன்.

முந்நூறு தாளும் ஊர் ஊராகப் போயின. பத்து நாள் கழித்து முட்டை பொரிந்தது. அந்த ஒரு மாதம் நான் எப்படி இருந்திருப்பேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்கோட்டிலிருந்து யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பேன். பாப்பாரப்பட்டிக்கு அப்பாவுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். புழு தீனி எடுக்கிறதா, தோல் உரித்ததா, புள்ளி உண்டா? கார்த்திகை கடைசியில் அப்பா ஒரு சின்னப் பெட்டி அனுப்பினார். பஞ்சு வைத்து, நடுவில் ஒரே ஒரு கூடு. மஞ்சளாக, கெட்டியாக, விரலால் அமுக்கினால் அமுங்காமல். கூடவே ஒரு வரி: "எல்லாத் தட்டும் இப்படித்தான், பயப்படாதே."

அதை உன் நோட்டின் மேல் வைத்திருக்கிறேன். வள்ளி வாயில் போடப் பார்க்கிறாள்.

இப்போது என்ன ஆகியிருக்கிறது தெரியுமா? யார் எதைப் பெரிதாகச் சொன்னாலும் உன் அம்மா, "ரெண்டா, இருவதா? அதைச் சொல்லு மொதல்ல" என்கிறார். சந்தையில் இப்படி ஒரு சண்டை, பக்கத்து ஊரில் அப்படி ஒரு காய்ச்சல் என்று யாராவது ஆரம்பித்தால் இதே கேள்விதான். தெருப் பெண்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அடுக்கு, மைனஸ், சென்டிமீட்டர் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. உன்னுடைய பாடம் அவர்களுக்குத் தெரியும்.

எனக்கும் கொஞ்சம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. நேற்று வள்ளி இரண்டு தடவை இருமினாள். கை நெற்றிக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தி, இது எந்தப் படி என்று கேட்டுக்கொண்டேன். கேட்டுவிட்டு அப்புறம் தொட்டுத்தான் பார்த்தேன். ஒரு தடவைதான், காவேரி. முன்பெல்லாம் இருபது.

தூளி அசைகிறது. எழுந்துவிட்டாள்.

இரண்டு சத்தியம் செய்துவிட்டு முடிக்கிறேன். இனி அந்தக் கல்வத்தில் கஞ்சி மாவு நுணுக்க மாட்டேன். இது உன் அம்மாவுக்குச் செய்த சத்தியம், உனக்கும் தெரியட்டும். மற்றது உனக்கு மட்டும்: நோட்டில் உன் முடி பாதி இன்னும் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு முடியளவு இடம் விட்டுவைத்திருக்கிறேன். உன் மருமகளுக்கு ஜடை போடும் வயது வரும்போது அவள் முடியை அங்கே ஒட்டுவோம். அவளே அளப்பாள், அவளே எழுதுவாள். தப்பாக எழுதினால் ஓரத்தில் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். அழுதால் அழட்டும். ஆனால் யாராவது அவள் எண்ணில் ஒரு பூஜ்யத்தைச் செருக வந்தால், அவள் என்னைப்போலத் தீப்பெட்டி திறக்கும்வரை நிற்க மாட்டாள். அதற்கு நான் பொறுப்பு.

நீ ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடாமல் போய்விட்ட,
உன் அண்ணி
சாரதா
மாரண்டஹள்ளி, நம் வூடு